கண்ணுக்கு யார் காவல்?

பாசிர் பெனம்பாங் தொடங்கி பெஸ்தாரி ஜெயா வரையுள்ள தோட்டப்புறக் குடும்பங்களில் தாதியர் படிப்புக்கோ ரேடியோகிராபி படிப்புக்கோ ஒரு பிள்ளை விண்ணப்பித்தால், வீட்டில் எழக்கூடிய முதல் கேள்வி இதுதான்: "எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தால் புற்றுநோய் வராதா?"

நியாயமான கேள்விதான். அணுசக்தித் துறையில் பணியாற்றிய 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவுக் கதிர்வீச்சிலும் அளவு கூடக் கூடப் புற்றுநோய் மரண ஆபத்து சற்றுக் கூடுவதைக் காட்டியது. ஆனால் தனி ஒருவருக்கு அந்தக் கூடுதல் மிகச் சிறியது. நம் நாட்டு விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கான ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலக மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்கள்.

நாம் அதிகம் பேசாத ஆபத்து ஒன்று உண்டு. அது கண்ணைப் பற்றியது.

இதய அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையில், எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடியே மருத்துவர் குழாயைச் செலுத்துகிறார். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்கள் அருகில் நிற்பவர்களின் கண்களையும் எட்டுகின்றன. மலேசியாவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சிகிச்சையில் ஈடுபடும் 56 இதய மருத்துவர்களைப் பரிசோதித்தது. 29 பேரின் கண்வில்லையின் பின்பகுதியில் மங்கல் தென்பட்டது. 11 தாதியரில் 5 பேருக்கும் அப்படியே. கதிர்வீச்சுப் பணியில் இல்லாத 22 பேரிலோ இருவருக்கு மட்டுமே. எண்ணிக்கை சிறியது, மங்கல் எல்லாம் பார்வையைக் கெடுக்கும் கண்புரையாக முற்றிவிடும் என்பதுமில்லை. இருந்தாலும் வேறுபாடு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

2011இல் அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், கண்வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஐந்து ஆண்டுகளின் சராசரியாக அது கணக்கிடப்படும். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த நம் நாட்டு விதிமுறைகளில் 150 என்றே எழுதப்பட்டிருந்தது.

இங்கேதான் சிக்கல். பணியாளர் மார்பில் அணியும் அளவிடும் பேட்ஜ், ஈயக் கவசத்துக்கு உள்ளே இருந்தால் கண் பெறும் அளவைச் சொல்லாது. கவசம் உடலைக் காக்கிறது. முகம் திறந்தே கிடக்கிறது. பேட்ஜ் அறிக்கையில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவது, வாசலைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்ததற்குச் சமம்.

தீர்வுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன: ஈயக் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் தடுப்பு, கழுத்துப் பகுதியில் கவசத்துக்கு வெளியே இன்னொரு பேட்ஜ், தேவையில்லாத நேரத்தில் சற்று விலகி நிற்பது. கதிர்வீச்சு மூலத்திலிருந்து இரு மடங்கு விலகினால் அளவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் பாடம்.

புதிதாகப் பணியில் சேரும் தாதிக்கோ பயிற்சி ரேடியோகிராபருக்கோ மூத்தவர்கள் முன்னிலையில் "எனக்கும் கண்ணாடி வேண்டும்" என்று கேட்கத் தயக்கம் வருவது இயல்பு. கேட்டால்தான் கொடுப்பது என்ற நிலை இருக்கக்கூடாது. கண் பாதுகாப்பைப் பணியிடமே கட்டாயமாக்க வேண்டும்.

எனவே, இத்துறைக்குச் செல்லவிருக்கும் நண்பர்களே, பயந்து விலகாதீர்கள். பயிற்சியின் முதல் நாளிலேயே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "என் கண் பெறும் அளவை இங்கே யார் கணக்கிடுகிறார்கள்?"