நன்றி எனும் துண்டு

ஊர்க் கழகமொன்றில் சிறுவனாய்ச் சேர்ந்து, வளர்ந்து, அதன் தலைவனாகவும் உயர்ந்த உதைபந்தாட்ட வீரன் அக்கழகத்தை விட்டு நீங்கும்போது, ஊர் அவன்மீது சுமத்தும் முதற் குற்றச்சாட்டு நன்றி மறந்தான் என்பதாகும். செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்த இலக்கிய மரபில் வந்தோருக்கு இதைவிடக் கொடிய வசை வேறில்லை. ஆயின், நன்றி யாரால், யாரிடம், எதன் பொருட்டுக் கோரப்படுகிறது என்று வினவாது இச்சொல்லைக் கையாள்வது ஆபத்தானது. அப்புத்தளை மலைச்சரிவுகளில் வாழும் மக்களைப் பொறுத்தவரை இது வெறும் விளையாட்டுப் பிரச்சினையன்று. அவர்களது வரலாற்றின் மையப் பிரச்சினையுமாகும்.

உலகறிந்த உதாரணம் ஒன்றை முதலில் நோக்கலாம். லியோனல் மெஸ்ஸி 2000ஆம் ஆண்டில், 13 வயதுச் சிறுவனாக, ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனாக் கழகத்துக்கு வந்தார். அவரது வளர்ச்சிக் குறைபாட்டுக்கான சிகிச்சைச் செலவைக் கழகமே ஏற்றது. கைதுடைக்கும் தாளொன்றில் எழுதப்பட்ட உறுதிமொழியுடன் தொடங்கிய அவ்வுறவு 778 ஆட்டங்களாகவும் 672 கோல்களாகவும் விரிந்தது. 2018இல் அவர் அணியின் தலைவரானார். 2020 ஓகஸ்டில் விலக விரும்புவதாக அவர் அறிவித்தபோது, ஒப்பந்தத்திலிருந்த 70 கோடி யூரோ விடுவிப்புத் தொகையைக் காட்டிக் கழகம் தடுத்தது. தம்மை வளர்த்த கழகத்தை நீதிமன்றுக்கு இழுக்க மனமின்றி அவர் தங்கினார். அடுத்த ஆண்டு, ஊதியத்திற் பாதியை விட்டுக்கொடுத்துத் தங்கிவிட அவர் இசைந்தார். ஆனால், ஏறத்தாழ 135 கோடி யூரோ கடனில் மூழ்கியிருந்த கழகத்தால், ஸ்பானிய லீக்கின் நிதி விதிகளின்கீழ் அவரைப் பதிவுசெய்ய இயலவில்லை. 2021 ஓகஸ்ட் 8ஆம் திகதி அவர் கண்ணீருடன் விடைபெற்றார்.

போக விரும்பியபோது போகவிடாததும் கழகமே. இருக்க விரும்பியபோது இருக்கவிடாததும் கழகமே. இவ்விரண்டுக்கும் இடையில் நன்றி மறத்தல் எங்கே நிகழ்ந்தது? சிறுவனுக்குச் செய்த மருத்துவச் செலவை ஆயுட்கடனாகக் கணக்கெழுதுவோர் எத்தகைய தர்க்கத்தைக் கையாளுகின்றனர் என்பதை அறியப் பார்சிலோனாவரை செல்லவேண்டியதில்லை. அப்புத்தளைத் தோட்டங்களின் பழைய கணக்கேடுகளை எண்ணிப்பார்த்தாற் போதும்.

தமிழகத்திலிருந்து மலைநாட்டுக்கு ஆள் கட்டிவந்த பெரிய கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. கடன் தீராமல் அவன் தோட்டத்தைவிட்டுப் பெயர முடியாது. இவ்வளவு தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஆள் தேவைப்பட்ட புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தித் தொழிலாளரைப் பெற்றுக்கொண்டது. கடனோ தீரவில்லை, தொழிலாளியுடன் கூடவே பெயர்ந்தது. இம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

உதைபந்தாட்ட உலகம் தனது துண்டை ஒழிக்க இன்னும் நெடுங்காலம் எடுத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரனைத் தன் பெயரிலேயே தடுத்துவைக்கும் உரிமையை இங்கிலாந்துக் கழகங்கள் கொண்டிருந்தன. நியூகாசில் யுனைட்டெட் கழகத்துக்கு எதிராக ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், அது தொழில்புரியும் உரிமைக்கு நியாயமற்ற தடையென 1963இல் தீர்ப்பாயிற்று. ஒப்பந்தம் முடிந்த வீரன் கைமாற்றுப் பணமின்றியே ஐரோப்பிய ஒன்றியத்துள் வேறு கழகம் செல்லலாம் என்ற உரிமை, பெல்ஜிய வீரர் பொஸ்மனின் வழக்கினால் 1995இலேதான் கிட்டியது.

கோடிகளில் ஊதியம் பெறும் வீரனையும் கொழுந்து பறிப்போரையும் ஒப்பிடுவது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். வாழ்வு ஒப்பன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவரையும் கட்டிவைக்கப் பயன்பட்ட வாதம் ஒன்றே: உன்னைக் கொண்டுவந்தோம், உனக்குச் செலவிட்டோம், ஆகவே நீ எம்முடையவன். கோடீசுவரனையே இவ்வாதம் கட்டிப்போட வல்லதாயின், லயத்து அறையொன்றுக்கும் உறுதி இல்லாதவனை அது என்ன பாடுபடுத்தியிருக்கும்!

அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை அமைத்த தோமஸ் லிப்டனின் பெயரால், 1909இல் இத்தாலியின் தூரின் நகரில் ஓர் உதைபந்தாட்டக் கிண்ணம் வழங்கப்பட்டது. மலைநாட்டில் துண்டு முறை நடைமுறையிலிருந்த காலம் அது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கொண்ட வெஸ்ட் ஒக்லண்ட் என்ற சிற்றூர்க் கழகம் அதனை வென்றது. 1911இல் யுவென்டஸ் அணியை 6-1 என வீழ்த்தி மீண்டும் வென்றது. ஊருக்குப் புகழ் சேர்ந்தது. கழகத்துக்குச் சேர்ந்ததோ கடன். 40 பவுணுக்காக அக்கிண்ணத்தையே விடுதிக்காரி ஒருத்தியிடம் ஈடுவைக்க நேர்ந்தது. கிண்ணத்தை மட்டும் அளித்து விசுவாசத்தை எதிர்பார்க்கும் உலகின் இயல்பு இதுவே.

எல்லோரும் போய்விட்டால் ஊர் என்னாவது என்ற கேள்வி நியாயமானதே. தலைவனை இழக்கும் கழகத்தின் துயரும் பொய்யன்று. ஆனால் அத்துயர் சரியான திசையிற் சினமாக மாறவேண்டும். பார்சிலோனா அதன் அங்கத்தவர்களுக்கே உரிய கழகம். 2020இல் அவர்களுட் பல்லாயிரவர் மெஸ்ஸியை ஏசிக்கொண்டிராது, தலைவர் பார்த்தொமேயுவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குக் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் பதவி விலகினார். போகிறவனை வைவதைவிடப் போகச்செய்தவனிடம் கணக்குக் கேட்பதே ஊரின் கடமையென அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இலங்கையின் நிலையோ பரிதாபத்துக்குரியது. நிருவாகச் சீர்கேட்டினால் 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனம் இந்நாட்டை இடைநிறுத்தி, ஓகஸ்டிலேயே தடையை நீக்கியது. தேசிய அணியின் தலைவராயிருந்த கோற்காவலர் சுஜான் பெரேராவே மாலைதீவுக் கழகங்களுக்காக ஆடியவர். தேசத் தலைவனுக்கே இக்கதியெனில், சரிவான மைதானத்தில் வெறுங்காலுடன் ஆடிவளர்ந்த தோட்டத்து இளைஞன் கொழும்புக் கடையொன்றுக்கோ வளைகுடா நாட்டுக்கோ போவதில் என்ன வியப்பு? நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென 2015இல் எழுந்த கோரிக்கை நிறைவேற 2021வரை காத்திருந்த சமூகம் அது. அவன் போனபின், அணிக்குப் பதினொருவர் தேறவில்லையென ஊரும், மலைக்கு ஆளில்லையெனக் கம்பனியும் ஒரே குரலில் அவனைக் குறைகூறுகின்றன. ஊர் தன் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கம்பனியின் மொழியைக் கடன்வாங்கலாமா?

பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவரும் இதே பழிச்சொல்லைக் கேட்டவர்களே. அவர்கள் ஊருக்குச் செய்யவேண்டியது உண்டு. அது கடனடைப்பாக அன்றி, சுதந்திரமானவர் விரும்பிச் செய்யும் பணியாக இருத்தல் வேண்டும். உறுதியுள்ள வீடும், வாழப் போதிய கூலியும், கணக்குக் காட்டும் கழகமும் உள்ள ஊரில் இளைஞர் தாமே தங்குவர், போனவரும் திரும்புவர். அவற்றைத் தராது நன்றியை மட்டும் கேட்பவர் யாராயினும், 1921இல் ஒழிந்த துண்டை மீண்டும் எழுதி நீட்டுபவரே ஆவர்.