அலை எட்டாத அறை

நம் நாட்டின் பழைய வீடுகள் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ராஜஸ்தானத்து ஷேகாவதியின் ஹவேலிகளாயினும், வடகொல்கத்தாவின் முற்றம் வைத்த வீடுகளாயினும், செட்டிநாட்டு மாளிகைகளாயினும், கனத்த சுவர்களே அவற்றின் பெருமை. வெப்பத்தை உள்ளே விடாமல் தாங்கும் அச்சுவர்கள் இன்று வைஃபை அலையையும் தடுத்துவிடுகின்றன. கூடத்தில் விரைந்தோடும் இணையம், இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ள அறையில் நின்றே போகிறது.

இதனைப் பொழுதுபோக்கிற்கு நேர்ந்த சிறு இடையூறாகவே பலரும் கருதுகின்றனர். வங்கிப் பணியில் இருக்கும் நாம் அவ்வாறு கருதுவதற்கில்லை. பெரிய வீடுகளில் ரவுட்டர் இருப்பது பெரும்பாலும் முன்கூடத்தில். முதியோர் இருப்பது உள்ளறையில். அங்கே அலை எட்டாதபோது, பாட்டியின் கைப்பேசி பேரனிடமோ பணியாளரிடமோ செல்கிறது. "வாசலுக்குப் போய் அனுப்பிவிட்டு வா" என்று சொல்லும்போது ரகசிய எண்ணும் உடன் செல்கிறது. எவரிடமும் சொல்லாதீர்கள் என்று நாம் ஓயாமல் வேண்டிக்கொள்ளும் அந்த எண், ஒரு சுவரின் பொருட்டுக் கைமாறுகிறது. ஆகவே, வீடெங்கும் சீரான இணையம் என்பது பணப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதே நம் கருத்து.

அலை குன்றிய இடத்தில் யு.பி.ஐ. பரிமாற்றம் பாதியில் நின்றுபோவதும் உண்டு. பதற்றத்தில் மீண்டும் அனுப்பினால் பணம் இருமுறை போய்விடக்கூடும். முதலில் பரிமாற்றத்தின் நிலையைப் பார்த்தல் வேண்டும். கணக்கில் கழிந்த தொகை பெறுநருக்குச் சேராவிடில், தனிநபர்ப் பரிமாற்றமாயின் அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாள்களுக்குள்ளும் அது திரும்ப வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த நெறி.

இணையம் குன்றியதும் பலர் செய்வது, கூடுதல் வேகமுள்ள திட்டத்திற்கு மாறுவது. மாதக் கட்டணம் உயரும்; உள்ளறை அப்படியே இருக்கும். குறை வெளியிலிருந்து வரும் வேகத்தில் இல்லை, வீட்டிற்குள் அலை பயணிக்கும் வழியில் இருக்கிறது. ரவுட்டர் தரும் இரு அலைவரிசைகளுள் 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவரில் எளிதில் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்ததாயினும் சுவரைக் கடப்பதில் மேலானது. பணம் செலுத்துவதற்கு அந்த வேகமே போதும். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சியின் பின்னாலோ ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரத்தில் வைப்பது செலவில்லாத முதல் மருந்து. புதிய இணைப்புப் பெறுவோர், ஃபைபர் இழையை முன்கூடத்தோடு நிறுத்தாமல் நடுப்பகுதிவரை கொண்டுவரும்படி அன்றே கேட்டுக்கொள்ளலாம்.

அதுவும் போதாதெனில் பலர் ரிப்பீட்டர் வாங்குகின்றனர். அலை வராத அறையிலேயே அதனை வைத்தால் பயன் இராது. நல்ல அலை கிடைக்கும் இடத்தில்தான் அது நிற்கவேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால், வேகமும் ஏறத்தாழப் பாதியாகும். விலை உயர்ந்த மெஷ் கருவிகளும் தமக்குள் அலை வழியாகவே பேசிக்கொள்வனவாயின், அதே சுவரை அவையும் கடந்தாக வேண்டும்.

கனத்த சுவருக்கு உறுதியான தீர்வு கம்பிதான். கேட் 6 கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர்வரை செல்லும். சுவரை இடிக்க வேண்டியதில்லை. கதவு நிலையின் ஓரமாகவோ காற்றுப்போக்கி வழியாகவோ பி.வி.சி. குழாயில் கொண்டுசெல்லலாம். மின்கம்பியுடன் ஒரே குழாயில் செலுத்துவது கூடாது. உள்ளறையில் அக்கேபிளின் முனையில் ஒரு மெஷ் கருவியையோ அக்சஸ் பாயிண்டையோ பொருத்தினால், அலை சுவரோடு போராட வேண்டிய தேவையே இல்லை. இது ஒருமுறைச் செலவு; வேகத் திட்டத்தின் கூடுதல் கட்டணமோ மாதந்தோறும் தொடர்வது.

சுவர் கைப்பேசி அலையையும் தடுப்பதால் ஓ.டி.பி. தாமதமாவதுண்டு. கைப்பேசியில் வைஃபை அழைப்பு வசதி இருப்பின் அதனை இயக்கி, குறுஞ்செய்தியும் வருகிறதா எனச் சோதித்துக்கொள்வது நலம். வீடெங்கும் பரவும் வைஃபைக்கு வலுவான கடவுச்சொல்லும், விருந்தினருக்குத் தனி இணைப்பும் இன்றியமையாதவை.

எண்பது வயதில் இணையம் எதற்கு, பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்போர் உண்டு. பிள்ளைகள் உதவுவது நன்றே. எனினும், 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தின்வழி இன்று ஓய்வூதியர் தம் முகத்தைக் கைப்பேசியில் காட்டியே வாழ்நாள் சான்றை அளிக்க இயலும். நடக்க இயலாதவருக்காக ஏற்பட்ட அவ்வசதியைப் பெற, அவரைக் கைத்தாங்கலாகக் கூடத்திற்கு அழைத்து வரவேண்டியிருப்பின் அதன் பயன் பாதியே.

எனவே, வீட்டின் இணையத்தைக் கூடத்தில் நின்று அளவிடாதிருப்போம். கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் மூத்தவரின் கட்டிலருகே அளவிடுவோம். அங்கே கிடைக்கும் வேகமே அவ்வீட்டின் உண்மையான வேகம்.