கிரிப்டோ பரிவர்த்தனை செய்வோரின் அந்தரங்கத்தைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கிரிப்டோ வாங்கி விற்போரின் சங்கம்,
சுந்தரபாண்டியம் பேரூராட்சி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், விருதுநகர்.
முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: கிரிப்டோ பரிவர்த்தனை செய்யும் பொதுமக்களின் அடையாள ஆவணங்கள், வங்கிக் கணக்கு, வாலட் விவரங்கள் ஆகியவற்றின் இரகசியத்தைப் பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் பெரிய முதலீட்டாளர்கள் அல்லர். தறி வீட்டுப் பிள்ளைகள், ராஜபாளையம் மில்களில் வேலை பார்ப்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறு கடை வைத்திருப்பவர்கள், கிருஷ்ணன்கோவிலில் படித்துவிட்டு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்கள். மாதச் சேமிப்பில் ஒரு சிறு பங்கை பிட்காயினிலோ வேறு நாணயத்திலோ போட்டு வைத்திருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அரசிடமிருந்து எதையும் மறைப்பதற்காக இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ இலாபத்துக்கு 30 சதவீத வரி கட்டுகிறோம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. 2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, ஆதாரும் பான் அட்டையும் கொடுத்துத்தான் கணக்கு நடத்துகிறோம். வரித்துறையும் நீதிமன்றமும் கேட்டால் கணக்கைக் காட்டத் தயாராக இருக்கிறோம். அதே கணக்கு அக்கம்பக்கத்தாருக்கும் மோசடிக்காரர்களுக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

இதில் வங்கிக் கணக்குக்கும் கிரிப்டோவுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். வங்கியில் என் இருப்பு எனக்கும் வங்கிக்கும்தான் தெரியும். பிட்காயின் பேரேடோ உலகத்துக்கே திறந்திருப்பது. ஒருவர் கிரிப்டோ வைத்திருக்கும் வாலட்டின் (மின்னணுப் பணப்பையின்) முகவரி கிடைத்தால் போதும். அதை இணையத்தில் தட்டினால் இருப்பு, வந்த தொகை, போன தொகை, தேதி, நேரம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பாஸ்புக்கை டீக்கடைப் பெஞ்சில் விரித்து வைத்தது போலத்தான். எங்கள் உறுப்பினர் ஒருவர், நண்பர் தரவேண்டிய பணத்தை வாங்குவதற்காகத் தன் முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் இருந்த ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். மறுநாளே கடன் கேட்டு ஆள் வந்தது. அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து மிரட்டல் வந்தது. அந்தப் பேரேட்டில் ஏறியதை அழிக்க முடியாது என்பதால் பழைய முகவரியைக் கைவிட்டாலும் அதன் வரலாறு அப்படியே நிற்கிறது.

ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி பயன்படுத்துகிறார்கள்; நாணயத்தை நிறுவனத்திடம் விட்டுவைக்காமல் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். 2008இல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி பயன்படுத்தச் சொல்கிறது. இந்த முன்னெச்சரிக்கையை வங்கிக் கிளைகளிலும் விசாரணைகளிலும் குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். பணத்தின் தடத்தையே குழப்பிவிடும் மிக்ஸர் சேவைகளுக்காக நாங்கள் வாதாடவில்லை. வீட்டுக் கதவைப் பூட்டி வைப்பதையே சந்தேகிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

எங்களை மிகவும் பாதித்திருப்பது வங்கிக் கணக்கு முடக்கம். ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில், வாங்குபவர் அனுப்பும் பணம் எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்குத் தெரியாது. அந்தப் பணம் வேறு மாநிலத்தில் நடந்த ஏமாற்றில் கிடைத்ததாக இருந்தால், 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் பதிவாகும் புகாரின் பேரில் கைமாறிய கணக்குகள் எல்லாம் அடுத்தடுத்து முடக்கப்படுகின்றன. உறுப்பினர் ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்கு யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை விற்றதில் அவருடைய கூட்டுக் கணக்கு முழுவதும் முடங்கியது. அவர் அம்மாவின் தறிக்கூலியும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. என்ன புகார், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று கேட்டதற்குக் கிளையில் ஒரு துண்டுச் சீட்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கவுண்டரில் வரிசையில் நின்றவர்கள் முன்னால், “கிரிப்டோ கேஸா?” என்று சத்தமாகக் கேட்டதுதான் அந்தத் தாயை இன்னும் அதிகமாக வருத்தியது. 2024இல் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய சுமார் இரண்டரை லட்சம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயக்க அனுமதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நடைமுறை நம் மாவட்டக் கிளைகளில் பின்பற்றப்படவில்லை.

அடையாள ஆவணங்கள் கசிவதும் சிறிய விஷயம் அல்ல. பிரவுசிங் சென்டர்களில் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஸ்கேன் செய்த ஆதார், பான், செல்ஃபி எல்லாம் அங்கிருக்கும் கணினியின் முகப்பிலேயே பெயர் போட்ட கோப்புகளாகக் கிடக்கின்றன. அடுத்து உட்காருபவர் திறந்து பார்க்கலாம். பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து 69,461 பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டது 2025 மே மாதம் வெளியானது. அந்த ஊழியர்களில் இந்தியாவில் பணிபுரிந்தவர்களும் இருந்தனர். வாலட் கருவி விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2020இல் கசிந்தபோது, வீட்டு முகவரியோடு பெயர் வெளியான பலருக்கு மிரட்டல் வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, எங்கள் கேஒய்சி விவரங்களைக் கிரிப்டோ நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 5 ஆண்டுகள் வைத்திருப்பவர்களுக்கு, அத்தனை நாளும் அதைக் காக்கும் பொறுப்பும் இருக்க வேண்டாமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கிரிப்டோ நாணயம் சொத்து என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். மற்ற சொத்துகளின் விவரத்துக்கு எவ்வளவு இரகசியம் காக்கப்படுகிறதோ, அவ்வளவாவது இதற்கும் வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்துவிட்டன. ஆனால் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை மாவட்ட நிர்வாகத்தின் துணையைத்தான் நம்பியிருக்கிறோம்.

எனவே கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். புகார் எண், காவல் நிலையம், தொகை ஆகியவற்றைக் கணக்குதாரருக்கு எழுத்தில் தர வேண்டும். கூலி, ஓய்வூதியம், உதவித்தொகை ஏறும் கணக்குகளை முழுதாக முடக்கக் கூடாது. இதை முன்னோடி வங்கி மேலாளர் சுற்றறிக்கையாக எல்லாக் கிளைகளுக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் மிகவும் அவசரமானது இதுதான்.

2. விசாரணைக்கு வாலட் முகவரியும் பரிவர்த்தனை எண்ணும் போதும். வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களை எந்த அலுவலரும் கேட்கக் கூடாது. அவற்றைத் தெரிந்துகொண்டவர் யாராக இருந்தாலும் முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியும். புகார்தாரரின் பெயர், முகவரி, இருப்பு விவரங்களைப் பத்திரிகைச் செய்தியிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ வெளியிடக் கூடாது.

3. பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடைகளில் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் ஆவணங்களை அவர் கண்முன்னே அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, அறிவிப்புப் பலகை வைக்கச் செய்ய வேண்டும்.

4. கிரிப்டோ நிறுவனங்கள் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஏற்க வேண்டும் என்றும், விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தமிழில் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் மத்திய நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

5. மாவட்ட சைபர் குற்றப் பிரிவு சுந்தரபாண்டியத்தில் ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். இடமும் ஆட்களும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

முடக்கப்பட்ட கணக்கு தொடர்பாக வங்கியில் பெற்ற சீட்டின் நகலை, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து இத்துடன் இணைத்துள்ளோம். முழு விவரத்தைத் தங்களிடம் நேரில் மட்டும் தர விரும்புகிறோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வெளியே, தனியாகச் சந்திக்க ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
சுந்தரபாண்டியம்