யாரைத் திடப்படுத்துகிறீர்கள், ஐயர்மாரே?

லுத்தரன் சபைகளில் பிள்ளைகளுக்கு நடக்கும் திடப்படுத்தலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இரண்டு பக்கமிருந்தும் சத்தம் வந்தது. இயக்கத் தோழர் ஒருத்தர், 'அது மதச் சடங்கு, அதைப் போய் நம்ம பத்திரிகையில எதுக்கு எழுதறீங்க?' என்றார். சபைக்காரர் ஒருத்தர், 'அது பரிசுத்தமான காரியம், அதுல சாதியைக் கொண்டு வராதீங்க தம்பி' என்றார். ஒருத்தருக்கு அது பேசத் தகுதியற்றது, இன்னொருத்தருக்குப் பேசக்கூடாதது. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான். பதினாலு பதினைந்து வயசில் ஒரு சேரிப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, 'நீ எதை நம்புகிறாய், உன் வாயால் சொல்' என்று கேட்கிற இடம் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது? பள்ளிக்கூடம் கேட்காது. பஞ்சாயத்து கேட்காது. பலிபீடத்தின் முன்னால் கேட்கிறார்கள். அந்த இடத்தை என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் என் சண்டை.

விவரம் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். லுத்தரன் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். பேச்சு வராத அந்தக் குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்கிறார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு ஞானோபதேசம் படிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று, அன்றைக்கு மற்றவர்கள் சொன்ன பதிலைத் தானே சொல்கிறது. ஐயர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். (நம் சனங்கள் போதகரை 'ஐயர்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அந்த வார்த்தையே ஒரு தனிக் கட்டுரை.) பிறகு இராப்போஜனம். அதுமுதல் அந்தப் பிள்ளை சபையில் பொறுப்புள்ள ஆள். 'எனக்காக நீங்கள் சொன்னதை இனி நானே சொல்லிக்கொள்கிறேன்' என்பதுதான் இதன் உயிர். மற்றதெல்லாம் வெள்ளைத் துணியும் போட்டோவும் பிரியாணியும்.

இந்தச் சடங்கின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரோமாபுரிச் சபை இதை ஏழு சாக்கிரமெந்துகளில் ஒன்றாக வைத்திருந்தது. மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதிய 'சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு' என்ற நூலில் அதை மறுத்தார். இது மனிதர் ஏற்படுத்திய சடங்கு, ஞானஸ்நானத்தில் குறை எதுவும் இல்லை, அதை நிரப்ப இன்னொன்று வேண்டியதில்லை என்பது அவர் நிலை. ஆனால் அதே காலத்தில் அனபாப்டிஸ்டுகள் என்ற கலகக்காரர்கள் எழுந்தார்கள். பெரும்பாலும் கைவினைஞர்களும் குடியானவர்களும். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஒன்றும் அறியாத குழந்தைக்குக் கொடுப்பது என்ன ஞானஸ்நானம்? ரோமாபுரிக்காரர்களும் சீர்திருத்தக்காரர்களும் அவர்களை ஒருசேர வேட்டையாடினார்கள். ஆளைக் கொன்றாலும் கேள்வி சாகவில்லை. 1538-39இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் மார்ட்டின் பூட்ஸர் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சீர்திருத்தச் சபைக்கென்று ஒரு திடப்படுத்தல் முறையை வகுத்தார். ஆக, இன்று வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்கிற பிள்ளைகளே, உங்கள் சடங்கு ஒடுக்கப்பட்டவர்களின் எதிர்க்கேள்வியிலிருந்து பிறந்தது. இதை உங்களுக்கு எந்த வகுப்பிலாவது சொன்னார்களா?

சொல்லாத இன்னொன்று எழுத்தறிவு. சாக்ஸனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்த லுத்தர், சனங்களுக்கு வேதத்தின் அடிப்படைகூடத் தெரியாமல் வைத்திருக்கிறார்களே என்று கொதித்து 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதில் ஒவ்வொரு கற்பனைக்குப் பின்னாலும், விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னாலும் இதற்கு என்ன பொருள் என்று கேள்வி வரும். குடியானவன் பிள்ளையும் பொருள் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் அமைப்பு. 1736இல் டென்மார்க்-நார்வே அரசு திடப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. திடப்படாதவனுக்குக் கல்யாணம்கூட இல்லை. அது அரசதிகாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் திடப்பட வேண்டுமானால் படித்தாக வேண்டும், படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். மூன்று வருஷத்தில், 1739இல், நார்வேயில் கிராமப் பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது. ஏழைக் குடியானவன் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தது இந்த வழியாக.

பதினாலு வயசுப் பிள்ளையின் வாக்குக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது நம் தோழர்களை விடக் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்டுகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. திடப்படுத்தலுக்குப் போட்டியாக 1955 முதல் அந்த அரசே இளைஞர் உறுதியேற்பு விழா நடத்தியது. அதற்குப் போகாமல் சபைக்குப் போன பிள்ளைகளின் மேல்படிப்பில் கைவைத்தது. நார்வேயில் 1951 முதல் கடவுள் நம்பிக்கையற்றவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு மதம் சாராத ஒரு திடப்படுத்தலை நடத்தி வருகிறார்கள். நாத்திகருக்கும் வேண்டியிருக்கிற ஒன்றைச் 'சும்மா சடங்கு' என்று நாம் எப்படித் தள்ளுவது?

இனி நம்ம ஊருக்கு வருவோம். டென்மார்க் அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறுவருஷம் அவர்கள் கையால் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் அடிமைகள். இந்தச் சபையின் அஸ்திவாரக் கல் அடிமையின் உடம்பு. சில வருஷத்தில் அச்சுக்கூடம் வந்தது, தமிழில் ஞானோபதேசம் வந்தது, புதிய ஏற்பாடு வந்தது. தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர் அந்தப் புதிய ஏற்பாட்டைப் படித்தே கத்தோலிக்கத்திலிருந்து இந்தச் சபைக்கு வந்தார். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபை கட்டினார். அவரைக் குருவாக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பறையன் கையால் இராப்போஜனம் வாங்க மாட்டோம் என்ற வெள்ளாளக் கிறிஸ்தவர்களின் எதிர்ப்பு முன்னால் நின்றது. 1741இல் குருப்பட்டம் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து செத்தார். எங்கள் திடப்படுத்தல் வகுப்பில் சீகன்பால்கு வந்த கப்பலைப் பற்றிக் கேள்வி உண்டு. ராஜநாயக்கனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது.

இது ஒரு ஆளின் கதையோடு முடியவில்லை. கோயிலுக்குள் வெள்ளாளருக்கு ஒரு இடம், பறையருக்கு ஒரு இடம் என்று உட்காரவைத்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே அடியோடு விட்டாக வேண்டும் என்று நிருபம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. பிறகு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் சாதியைச் சமூக ஏற்பாடாகப் பார்த்துப் பொறுத்துப் போகச் சொன்னவர். அதை ஏற்காத ஓக்ஸ் என்ற மிஷனரி பிரிந்து போய் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனோடு வேலையைத் தொடங்கினார். சாதியை எதிர்த்தவன் வெளியே, சாதியைச் சுமந்து வந்தவன் உள்ளே. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானபோது அதற்குச் சொத்தாக வந்தவற்றில் இதுவும் ஒன்று.

ஆகவே கேட்கிறேன். ஐயர் கைவைத்துத் திடப்படுத்துகிறபோது எது திடப்படுகிறது? என் சேகரத்தின் பெயரை எழுத விரும்பவில்லை, எழுதினால் பக்கத்துச் சேகரம் தப்பித்துக்கொள்ளும். அங்கே ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம், சரி. கல்யாணப் பேச்சு வந்தால் 'அவங்க வேற, நாம வேற'. கல்லறைத் தோட்டத்தில் மேற்கே ஒரு கூட்டம், கிழக்கே ஒரு கூட்டம். சேகரக் கமிட்டித் தேர்தலில் சாதி எண்ணித்தான் ஓட்டு. திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பையன், 'பிறனை நேசின்னா, கல்லறை மட்டும் ஏன் தனி?' என்று கேட்டான். அவனுக்குக் கிடைத்த பதில்: 'ஒப்பிச்சுட்டு உக்காருடா.' பொருள் கேட்பதற்காகவே எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் கேட்டவனை உட்காரவைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் கதை இதைவிட மோசம். முக்காடு சரியாக இருக்கிறதா என்று நாலு தரம் பார்க்கிறார்கள், என்ன நினைக்கிறாய் என்று ஒரு தரமும் கேட்பதில்லை.

லுத்தர் 'அன்றன்றுள்ள அப்பம்' என்ற வார்த்தைக்குப் பொருள் சொல்லும்போது சோற்றோடு நிறுத்தவில்லை. துணி, வீடு, நிலம், மாடு, நல்ல அரசாங்கம் எல்லாவற்றையும் அந்த அப்பத்துக்குள் சேர்க்கிறார். சேரிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எது? 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அந்த வகுப்பிலேயே கேட்கலாம். 1994 அக்டோபரில் அந்த நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். இரண்டு பெயர்களையும் ஜெபத்தில் சொல்லலாம். சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்றே துறை ஏற்பட்டது, அர்விந்த் நிர்மல் அங்கிருந்து எழுதினார். அந்த எழுத்தில் ஒரு பக்கமாவது என் ஊர் வகுப்புக்கு வந்து நான் பார்க்கவில்லை. தலித் இறையியல் கருத்தரங்குக்கு, கல்லறைச் சுவர் கிராமத்துக்கு!

இனி அரசாங்கத்தின் பக்கம். நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் உத்தியோகத்திலும் கன்பர்மேஷன் உண்டு. ஆறு மாசம் புரொபேஷன், பிறகு ஒரு தாள், அதுமுதல் யாரும் லேசில் வெளியே தள்ள முடியாது. சபையின் கன்பர்மேஷன் சேரிப் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்த சூசையின் வழக்கில் 1985இலும் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது, 2023இல் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பத்தி அசையவில்லை. 2024 நவம்பரில், குமாஸ்தா வேலைக்காகச் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண்ணுக்கு எதிராக உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் கோயிலுக்குப் போவதையும்.

நான் ஓ.பி.சி. பட்டியலில் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். என் சித்தப்பா மகன் சான்றிதழில் இந்து. ஒரே தாத்தா, ஒரே தெரு, டீக்கடையில் இரண்டு பேருக்கும் ஒரே பேர். பலிபீடத்தின் முன்னால் 'நான் கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன்' என்று உரக்கச் சொல்லச் சொல்கிற சபை, மறுநாள் தாசில்தார் ஆபீசில் அந்தப் பிள்ளை வாய்மூடி நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு நாளாவது கவலைப்பட்டதா? திடப்படுத்தல் ஆராதனையிலேயே மூன்றாவது பத்தியை எதிர்த்து ஒரு தீர்மானம் வாசிக்கச் சபைக்கு எது தடை? பிள்ளையைப் பொய் பேசாதே என்று கற்பனை ஒப்பிக்க வைத்துவிட்டு, உண்மை பேசினால் சோறு போகிற சட்டத்தை எதிர்க்காமல் இருப்பது எந்த ஊர் விசுவாசம்?

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் இருபத்திரண்டு உறுதிமொழிகளைத் தன் வாயால் சொல்லி, லட்சக்கணக்கான சனத்தையும் சொல்ல வைத்தார். மனசுக்குள் நம்பினால் போதும் என்று அவர் விடவில்லை. ஆயிரம் வருஷம் மற்றவன் நமக்காகப் பேசிவந்த நாட்டில், 'நான்' என்று தொடங்கி நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்வது அரசியல். அந்தப் பிள்ளைகளைச் சடங்குக்காரர்கள் என்று ஒதுக்கினால் அவர்களைச் சாதிக் கமிட்டிகள் கையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று அர்த்தம்.

ஆகவே சபைகளிடம் கேட்பது இதுதான். திடப்படுத்தல் வகுப்பில் ராஜநாயக்கனைப் பாடமாக வையுங்கள். பிள்ளைகளின் கேள்விகளை எழுதி வாங்கி, அந்த ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். பிள்ளை வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் சபை எழுந்து நின்று வாக்குக் கொடுக்கட்டும்: கல்லறைச் சுவரை இடிப்போம், சாதி பார்த்துப் பெண் கொடுக்க மாட்டோம், மூன்றாவது பத்திக்கு எதிராகத் தெருவுக்கு வருவோம் என்று. அதற்கு முடியாதென்றால் பதினைந்து வயசுப் பிள்ளையை நிற்கவைத்துப் பரீட்சை வைக்க உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தம்பி, தங்கச்சி, அடுத்த முறை வகுப்பில் உட்காரும்போது புத்தகத்தில் இருக்கிற அந்தக் கேள்வியையே கேளுங்கள். என்ன பொருள் என்று கேளுங்கள். உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள்.