வீட்டு கம்ப்யூட்டருக்கு மானிட்டர் வாங்கப் போறீங்களா? காசை எதில் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

வீட்டுக்குப் புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி என ஒவ்வொன்றையும் நாலு கடையில் விசாரிக்கிறார்கள். பட்ஜெட் கரைந்த பிறகு, "மானிட்டர் மட்டும் இருக்கறதிலேயே கம்மி விலையில ஒண்ணு போட்டுடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

ரேம் போதவில்லை என்றால் அடுத்த வருடம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். மானிட்டரில் அப்படி எதையும் கூட்ட முடியாது. சிபியுவையே மாற்றினாலும் மேசையில் அதே மானிட்டர்தான் நிற்கும். பிள்ளைகள் படிப்பதும், பெரியவர்கள் கணக்குப் பார்ப்பதும் அதில்தான். 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள்ளேயே நல்ல மானிட்டர் வாங்கலாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இன்ச் மட்டும் பார்க்காதீங்க!

அளவோடு ரெசல்யூஷனையும் சேர்த்துப் பாருங்கள். ஃபுல் ஹெச்டி என்றால் 1920 × 1080 புள்ளிகள். இது 24 இன்ச் மானிட்டரில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளிகளாக அமையும். அதே ஃபுல் ஹெச்டி 27 இன்ச்சில் 82 ஆகக் குறைந்துவிடும். திரை பெரிதாகும், ஆனால் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். 27 இன்ச் வேண்டும் என்றால் 2560 × 1440 உள்ளதை வாங்க வேண்டும். அதற்கு விலை கூடும். பட்ஜெட்டுக்கு 22 அல்லது 24 இன்ச் ஃபுல் ஹெச்டிதான் சரி.

19 இன்ச் அளவில் மலிவாகக் கிடைக்கும் 1366 × 768 மானிட்டர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஃபுல் ஹெச்டியில் இருக்கும் புள்ளிகளில் பாதிதான் இதில் இருக்கும். 32 இன்ச் டிவியையே மானிட்டராக்கலாம் என்ற யோசனையிலும் இதே சிக்கல்தான். விலை குறைந்த 32 இன்ச் டிவிகள் பல, இதே 1366 × 768தான். தூரத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது தெரியாது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பாடம் படித்தால் தெரியும்.

பேனல் என்ன?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு இதுவே நல்லது. விஏ பேனலில் கறுப்பு நன்றாகத் தெரியும், படம் பார்க்கப் பிடிக்கும். டிஎன் பேனலில் கொஞ்சம் நகர்ந்தாலே நிறம் மங்கும். 500 ரூபாய் வித்தியாசத்துக்காக அதை எடுக்க வேண்டாம்.

எதற்குக் கூடுதல் காசு தேவையில்லை?

படிப்பு, ஆபீஸ் வேலை, வீடியோ இவற்றுக்கு 60 அல்லது 75 ஹெர்ட்ஸே போதும். அதே விலையில் 100 ஹெர்ட்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 144, 165 எல்லாம் கேம் விளையாடுபவர்களுக்கு.

'ப்ளூ லைட் பாதுகாப்பு' ஸ்டிக்கருக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸிலேயே 'நைட் லைட்' வசதி இருக்கிறது. திரையில் இருந்து வரும் நீல ஒளியால் கண் கெடுவதில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்கிறது. கண் களைப்புக்கு முக்கியக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுவதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

பட்ஜெட் மானிட்டர்களில் பெரும்பாலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி, அடியில் ஒரு உறுதியான பலகை வைத்தாலே கழுத்து வலி குறையும்.

போர்ட்டைப் பாருங்க!

மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா, பெட்டிக்குள் கேபிள் வருகிறதா என்று கேளுங்கள். சிபியுவில் கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், கேபிளை அந்த கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு, "டிஸ்ப்ளே வரலை" என்று கடைக்கு ஓடுபவர்கள் உண்டு.

பில் இல்லாமல் வாங்காதீங்க!

மானிட்டருக்கு 18% ஜிஎஸ்டி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று சில கடைகளில் சொல்வார்கள். 8,000 ரூபாய்ப் பொருளில் ஆயிரம் ரூபாய் குறைவது பெரிதாகத்தான் தெரியும். ஆனால், பல முன்னணி பிராண்டுகள் தரும் 3 வருட வாரன்டியைக் கேட்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த பில்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் ஆபீஸ்களில் இருந்து வந்த பழைய மானிட்டர்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்டாண்ட் நன்றாக இருக்கும். ஆனால் வெளிச்சம் மங்கியிருக்கலாம், ஹெச்டிஎம்ஐ இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் ஒரு புது மானிட்டரை ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய அன்றே...

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். அசையாத புள்ளியோ, ஓரத்தில் ஒளிக்கசிவோ இருந்தால் அன்றே புகார் செய்யுங்கள். ஒரே ஒரு புள்ளி கெட்டுப்போனால் பல நிறுவனங்கள் வாரன்டியில் மாற்றித் தருவதில்லை. கடையோ, ஆன்லைன் தளமோ தரும் சில நாள் அவகாசம்தான் கைகொடுக்கும். ஆன்லைன் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு பீஸ் மட்டும்தான் தருவார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது இந்த ஒரு வரியை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள்: "22 அல்லது 24 இன்ச், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ், ஹெச்டிஎம்ஐ, 3 வருட வாரன்டி, பில்லோடு." இதைக் கேட்டு வாங்கினாலே போதும்.

அடுத்த வாரம்: வீட்டு கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் அவசியமா?