மீனவர்களின் பாடு முறை ஏரிப் பாசனத்துக்கு உதவுமா?

கேள்வி: ‘‘எங்கள் ஏரியில் பரம்பரையாக முறைத் தண்ணீர்தான். இப்போது ஒரு வாரம் பெய்ய வேண்டிய மழை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறது. நவரை நட்ட பிறகு ஏரி வற்றி, கடைமடை காய்கிறது. பெரியவர்களோ முறையில் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களும் முறை போட்டுத்தான் மீன் பிடிக்கிறார்களாமே, அதில் நமக்குப் பாடம் உண்டா?’’
- வாசகர், சீயமங்கலம்.

பதில்: உண்டு. எடுத்துக்கொள்ள ஒன்று, தவிர்க்க ஒன்று.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்கின்றன. அவை நடமாடும் வழியில் வலை கட்டினால் நல்ல வரும்படி. ஆனால், அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே போனால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, இடங்களைச் சுழற்சியில் பிரித்துக்கொள்கிறார்கள். இதுதான் பாடு முறை.

முகத்துவாரத்தை மணல் மூடினால் இறால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. ஆரணி ஆற்று நன்னீர் குறைந்தால் கோடையில் உப்பு ஏறும். வரத்து குறைந்த நாளிலும் நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ள பாடு முறை விடாது. நஷ்டத்தையும் பங்கு போடும். எடுத்துக்கொள்ள வேண்டியது இது.

தவிர்க்க வேண்டியதும் அங்கேயே இருக்கிறது. பாடு உரிமை, குறிப்பிட்ட சமூகத்தில் தலைக்கட்டு உள்ளவர்களுக்கு மட்டும். இறால் ஏற்றுமதியாகி விலை ஏறியதும், வெளியில் நின்றவர்களும் பங்கு கேட்டார்கள், தகராறு வளர்ந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பிழைப்பு அதே ஏரிதான். வளம் சுருங்கும்போது, சிலரை வெளியே நிறுத்தும் முறைக்கு எதிர்ப்பு கூடத்தான் செய்யும்.

உங்கள் ஏரிக்கு வருவோம். முறை இருக்கட்டும், அளவை மாற்றுங்கள். மார்கழியில், நவரைக்கு நாற்று விடும் முன்பே, ஆயக்கட்டுதாரர் எல்லோரும் ஏரிக்கரையில் கூடுங்கள். மதகில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அது எத்தனை ஏக்கர் நெல்லுக்குக் காணும் என்று முடிவு செய்யுங்கள். பாதிதான் காணும் என்றால் ஆளுக்குப் பாதி நிலத்தில் நெல், மீதியில் உளுந்து. இலங்கையின் குளத்துப் பாசனத்தில் ‘பெத்ம’ என்று ஒரு வழக்கம் உண்டு. வறட்சியில் குளத்தை ஒட்டிய நிலத்தில் மட்டும் பயிர் வைப்பார்கள். அந்த நிலத்தைக் கடைமடைக்காரர் உட்பட எல்லோரும் அந்தப் போகத்துக்குப் பிரித்துக்கொள்வார்கள்.

முதல் தண்ணீர் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். முடிவை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நீர்கட்டியிடம் ஒரு நகல் இருக்கட்டும். குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் வயலுக்கும் அதே தண்ணீர்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாடு முறையால் முகத்துவாரத்து மணலை அள்ள முடியாது. அதற்கு அரசு வர வேண்டும். அதுபோல வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்தால், எந்த முறை போட்டாலும் தண்ணீர் கூடாது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையிடமும், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் மனு கொடுங்கள். தனி ஆளாகப் போகாமல், எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து போங்கள்.