தந்தை பெயர் என்னும் கட்டம்



பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ஆலய அலுவலகங்களில் கூட்டம் சேரும். பிள்ளைக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார். கணவர் துறைமுகத்திலோ லாரியிலோ வேலையில் இருப்பதால் தாங்களே வந்தவர்கள் சிலர். குடியால் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் சிலர். மணம் ஆகாமலே பிள்ளையைப் பெற்று வளர்ப்பவர்களும் உண்டு. எல்லாரிடமும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: தகப்பன் பெயர் என்ன? பதில் சொல்ல முடியாதவர் குரலைத் தாழ்த்துகிறார். பின்னால் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

கடவுளையே தந்தை என்றழைக்கும் நாம், இந்தக் கேள்விக்கு மறைநூலின் துணை இருப்பதாக எண்ணிவிடுகிறோம். மறைநூலைச் சற்றுக் கவனமாகப் பார்ப்போம்.

புதிய ஏற்பாட்டில் தந்தைக்கு வழங்கும் கிரேக்கச் சொல் 'பத்தேர்'. பழைய மொழிபெயர்ப்பின் 'பிதா'வுக்கு அது தூரத்து உறவு. இரண்டுக்கும் வேர் ஒன்றே. மாற்கு 14:36இல் இயேசு சொல்லும் 'அப்பா' அரமேயச் சொல். அது நம் தமிழ் அப்பாவைப் போல ஒலிப்பது தற்செயல். அது மழலைச் சொல் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் அழைத்தார்கள் என்று ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1988லேயே எடுத்துக்காட்டினார். நற்செய்தியாளர் அதைக் கிரேக்கத்தில் பெயர்க்கும்போதும் மழலைச் சொல்லை விட்டு 'பத்தேர்' என்றே எழுதினார்.

இச்சொல் ஆணை மட்டும் குறிப்பதாகவும் நினைக்க வேண்டாம். எபிரேயர் 11:23இல் குழந்தை மோசேயை மூன்று மாதம் ஒளித்து வைத்தவர்களைச் சொல்ல வருவது 'பத்தேர்' என்பதன் பன்மைதான். அங்கே அதற்குப் பெற்றோர் என்று பொருள். விடுதலைப்பயண நூலின் எபிரேய மூலத்தைத் திருப்பினால், பிள்ளையை ஒளித்து வைத்தவர் தாய். பேழை செய்து நாணலுக்குள் வைத்தவரும் அவரே. அந்தத் தாயின் துணிச்சலும் 'பத்தேர்' என்னும் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இன்னும் நெருக்கமான சொல் எபிரேயர் 7:3இல் இருக்கிறது: 'அபாத்தோர்', தந்தையில்லாதவர். உரோமை ஆட்சியின் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் இது பதிவேட்டுச் சொல். சட்டப்படியான தந்தை இல்லாதவரை அப்படிக் குறித்தார்கள். படைவீரர்கள் பணியில் இருக்கையில் மணம் செய்யத் தடை இருந்ததால், அவர்களுடைய பிள்ளைகளும் இப்படியே ஆனார்கள். நம் அலுவலகத்துக் கேள்வி அவ்வளவு பழையது. திருமுகத்தின் ஆசிரியரோ இதே சொல்லை மெல்கிசதேக்குக்குச் சூட்டி, அவரைக் கிறிஸ்துவின் முன்னடையாளம் என்கிறார். நெகேமியா 7:64இல் தலைமுறை அட்டவணையில் பெயர் கிடைக்காத குருக்கள் விலக்கப்பட்டதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் இதன் வலிமை தெரியும். அட்டவணையே இல்லாத ஒருவரின் முறையில்தான் நம் தலைமைக் குரு நிற்கிறார். 'ஃபாதர்' என்று நம் மக்கள் கூப்பிடும் குருக்களும் அந்த முறையையே சொல்லிக்கொள்கிறோம்!

நாட்டின் சட்டமும் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அதற்கு வழி திறந்தவர் ஒரு கிறிஸ்தவத் தாய். மணமாகாமல் மகனைப் பெற்று வளர்த்த அவர், தம் சேமிப்புக்கு அவனை வாரிசுதாரராக நியமிக்க விரும்பினார். தந்தை பெயரைச் சொல், இல்லையேல் காப்பாளர் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். அதற்காக நீதிமன்றம் போனால், தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றார்கள். கீழ் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் 2011இல் அவரைத் திருப்பியனுப்பின. 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம், தந்தை பெயரைச் சொல்லாமலே அவர் காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது. தனித்த தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் அவருடைய உறுதிமொழிப் பத்திரமே போதும் என்றும் ஆணையிட்டது. இந்துத் தாய்க்கு ஏற்கெனவே இருந்த உரிமை கிறிஸ்தவத் தாய்க்கு இல்லாததையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். நாம் வெட்கப்பட வேண்டிய வரி அது. பின்பு 2016இல் பாஸ்போர்ட்டுக்கும், தனித்த தாயின் பிள்ளை என்றால் 2018இல் பான் அட்டைக்கும் தந்தை பெயர் கட்டாயம் இல்லை என்றானது.

திருச்சபையோ 1983லேயே எழுதி வைத்துவிட்டது. திருச்சபைச் சட்டம் 877, மணமாகாத தாயின் பெயரை அவரே கேட்டுக்கொண்டால் பதியச் சொல்கிறது. தந்தையின் பெயரைப் பதிய வேண்டுமானால் அதிகாரப்பூர்வ ஆவணம் வேண்டும், அல்லது பங்குத்தந்தை முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாதபோது தந்தையைப் பற்றி எதுவும் குறிக்காமல் பிள்ளையின் பெயரைப் பதியலாம். ஆக, தாயை வற்புறுத்திப் பெயர் வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

எஞ்சியிருப்பது நடைமுறை. அந்தக் கேள்வியை வரிசையின் முன் கேட்காமல் உள்ளறையில் கேட்கலாம். தந்தை, தாய் என்று இரண்டு கட்டம் அச்சிட்ட படிவத்தில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்று ஒரே கட்டம் வைக்கலாம். சில பதிவேடுகளில் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு இழுக்கும் பழக்கம் இருக்கிறது. வெறுமனே விட்டுவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பெண் திருமணத்துக்குச் சான்றிதழ் வாங்க வரும்போது, மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.